பாலத்தின் நாடி

நுழையும்முன்

நோயுற்ற மனிதர் தம் வலியை வாய்விட்டுச் சொல்வார். நோயுற்ற பாலம் அவ்வாறு சொல்வதில்லை. ஆனாலும் அது மௌனமாக இருப்பதுமில்லை. தன்மீது ஏறிச்செல்லும் ஒவ்வொரு பேருந்துக்கும் அது சிறிதளவு வளைந்து நிமிர்கிறது. அவ்வளைவில் பாலத்தின் நலமும் நலிவும் எழுதப்பட்டுள்ளன. அவ்வெழுத்தைப் படிக்கும் கலையையும், அதைத் தாமிரபரணிக் கரையில் ஏன் உடனே தொடங்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆறும் பாலமும்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, நெல்லைச் சீமையின் உயிர்நாடி. எட்டு அணைக்கட்டுகளின் வழியே வயல்களை வளர்க்கும் அவ்வாறே, ஒருகாலத்தில் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் பிரித்து நின்றது. நீர் பெருகும் நாளில் ஓடத்தை நம்பியே மக்கள் கரை கடந்தனர். அந்த இடர் நீங்க, ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தார் பதவி வகித்த சுலோசன முதலியார் தம் செல்வத்தை வழங்கினார். அவர் மனைவியின் அணிகலன்களும் அப்பணிக்கு உதவின என்பது நெல்லை மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. 1843ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாலம், பதினொரு வளைவுகளுடன் எழுந்து, இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மாட்டுவண்டிகளுக்காகக் கட்டப்பட்ட வழியில் இன்று பேருந்துகள் செல்கின்றன.

இரு நூற்றாண்டுகளை நெருங்கும் அந்தக் கற்பாலம் முதல், 1973ஆம் ஆண்டு சந்திப்பு ரயில் நிலையத்தருகே இருப்புப்பாதைக்கு மேலே திறக்கப்பட்ட திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம் வரை, நெல்லையின் அன்றாட வாழ்வு பாலங்களின் மேல் நடக்கிறது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, மருத்துவமனைக்கு விரையும் ஊர்தி, சந்தைக்குப் போகும் வாழைத்தார் ஆகிய அனைத்தும் ஏதேனும் ஒரு பாலத்தை நம்பியே பயணம் செய்கின்றன.

அந்த நம்பிக்கை 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் சோதனைக்கு உள்ளாயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைகடந்து பெருகியது. திருவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். ஏரல் பாலம் சேதமுற்று, இரு கரைகளுக்கும் இடையே போக்குவரத்து அற்றுப்போனது. வெள்ளம் வடிந்தபின், நிற்கும் பாலங்கள் ஒவ்வொன்றின் முன்னும் ஒரே வினா எழுகிறது: இதன்மேல் மீண்டும் வண்டிகளை விடலாமா? இவ்வினாவுக்குக் கண்ணால் கண்ட விடை மட்டும் போதாது; அளந்து கண்ட விடை வேண்டும்.

வளைவது குற்றமன்று

பாலம் வளைகிறது என்று கேட்டவுடன் அச்சம் கொள்பவர் பலர். அவ்வச்சம் தேவையற்றது. சுமை ஏறினால் வளைவதும் சுமை இறங்கினால் நிமிர்வதும் எல்லாப் பாலங்களுக்கும் இயல்பு. கட்டடப் பொறியாளர் இவ்வளைவைத் 'தொய்வு' என்பர். இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் பாலத்தின் 'கண்' என்று கூறுவது வழக்கம். கண்ணின் நடுப்பகுதி சுமையால் எத்தனை மில்லிமீட்டர் கீழிறங்குகிறது என்பதே தொய்வின் அளவு.

எவ்வளவு தொய்வு தகும் என்பதற்கு வரையறை உண்டு. எஃகுப் பாலங்களில் ஊர்திகளின் சுமையால் ஏற்படும் தொய்வு, கண்ணின் நீளத்தில் 800இல் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதி. 24 மீட்டர் நீளமுள்ள கண்ணுக்கு இது 30 மில்லிமீட்டர். நாள்தோறும் செல்லும் ஒரு பேருந்து தரும் தொய்வு இதைவிட மிகச்சிறியது; சில மில்லிமீட்டர்களே இருக்கும்.

தொய்வின் அளவைவிட முதன்மையானது அது மீளும் திறம். சுமைச் சோதனையின்போது பாலத்தின்மீது மணல் மூட்டைகளையோ பாரவண்டிகளையோ படிப்படியாக ஏற்றி, ஒரு நாள் முழுதும் நிறுத்திவைப்பர். பிறகு சுமையை இறக்கி, மேலும் ஒரு நாள் கழித்து, எவ்வளவு நிமிர்ந்துள்ளது என்று பார்ப்பர். கம்பி வலுவூட்டிய கான்கிரீட் பாலமாயின் தொய்வில் 75 விழுக்காடும், முன்தகைவுக் கான்கிரீட் பாலமாயின் 85 விழுக்காடும் மீண்டிருக்க வேண்டும். ஒரு கண் 12 மில்லிமீட்டர் தொய்ந்து, சுமை நீங்கியபின் 10 மில்லிமீட்டர் நிமிர்ந்ததாகக் கொள்வோம். மீட்சி 83 விழுக்காடு. முதல்வகைப் பாலமாயின் தேர்ச்சி. இரண்டாம் வகையாயின் தேர்ச்சியில்லை. எஞ்சிய 2 மில்லிமீட்டர் எத்தனை பெரிய செய்தியைத் தாங்கியுள்ளது என்பதை இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். அவ்வளவு நுட்பமான ஒன்றை ஆற்றின் நடுவே அளப்பது எங்ஙனம்?

ஆற்றின் நடுவே அளவுகோல்

இதுவரை கையாளப்பட்ட முறை எளியது, ஆனால் கடினமானது. பாலத்தின் அடியில் சாரம் கட்டி, அதன் உச்சியில் 'டயல் கேஜ்' என்னும் முள் அளவியை நிறுத்துவர். அதன் முனை பாலத்தின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும். பாலம் இறங்கினால் முள் நகரும். நூறில் ஒரு மில்லிமீட்டரையும் இக்கருவி காட்டும். எனினும் சாரம் நிற்பதற்குக் காய்ந்த நிலம் வேண்டும். ஆண்டின் பல மாதங்கள் நீரோடும் தாமிரபரணியில் அது எளிதன்று. இருப்புப்பாதைக்கு மேலுள்ள பாலத்திலும் அது எளிதன்று. ஆகவே, அளக்க வேண்டிய பாலங்கள் பலவும் அளக்கப்படாமலே நிற்கின்றன.

இந்த இடரைக் களைய வந்ததே ஒளிப்படக்கருவியால் அளக்கும் முறை. பாலத்தைத் தொடாமல், போக்குவரத்தை நிறுத்தாமல், கரையில் நின்றபடியே தொய்வை அளக்க இது வழிசெய்கிறது. இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹம்பர் தொங்குபாலத்தின் நடுக்கண் 1,410 மீட்டர் நீளமுடையது. அதன் அசைவுகளை ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்திலேயே படக்கருவி கொண்டு அளந்தனர். அன்று அதற்குத் தனியே வடிவமைத்த கருவிகள் தேவைப்பட்டன. இன்றோ, திருமண வீட்டில் படமெடுப்பவர் கையிலுள்ள கருவியே அப்பணியின் பெரும்பகுதிக்குப் போதும்.

கண் கண்ணை அளக்கும் விதம்

கரையில் உறுதியான மேடை மீது படக்கருவியை நிறுத்தி, தொலைவைக் கிட்டக்காட்டும் வில்லையால் பாலத்தின் நடுக்கண்ணை நோக்குவர். உத்திரத்தில் உள்ள ஒரு திருகாணியோ, கான்கிரீட்டில் படிந்த ஒரு கறையோ, ஒட்டிவைத்த ஒரு கறுப்பு வெள்ளைக் குறியோ இலக்காகும். பேருந்து ஒன்று பாலத்தைக் கடக்கும்வரை காணொலி பதிவாகிறது. பிறகு கணினி, முதல் படத்தில் இலக்கைச் சுற்றியுள்ள சிறு கட்டத்தின் ஒளிநிழல் அமைப்பை நினைவிற்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் அதே அமைப்பு எங்கே நகர்ந்துள்ளது என்று தேடுகிறது. கூட்டத்தில் தம் பிள்ளையின் சட்டை நிறத்தைக்கொண்டு பிள்ளையைத் தேடும் தாயின் செயலை இது ஒத்தது.

நகர்ந்தது எத்தனை படப்புள்ளிகள் என்பது தெரிந்தபின், ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டருக்குச் சமம் என்பது தெரிய வேண்டும். உத்திரத்தின் உயரம் முதலிய முன்பே அறிந்த ஓர் அளவைப் படத்தில் ஒப்பிட்டு இதைப் பெறுவர்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. ஒரு புள்ளியைவிடச் சிறிய நகர்வையும் கணினி உணர்கிறது. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பு ஒரு புள்ளியின் நடுவே விழுந்தால் அப்புள்ளி சாம்பல் நிறம் கொள்ளும். விளிம்பு சற்றே நகர்ந்தால் அச்சாம்பல் கருமையாகும் அல்லது வெளுக்கும். நிறத்தின் இந்த மாற்றமே நகர்வின் அளவைக் காட்டிக்கொடுக்கிறது.

தெரிந்து தெளிவோம்

படக்கருவியின் வில்லையது குவியத் தொலைவு 200 மில்லிமீட்டர். பாலம் இருக்கும் தொலைவு 50 மீட்டர் எனக் கொள்வோம். படத்தில் பாலம் 250 மடங்கு சிறிதாகத் தெரியும். கருவியின் உணர்தகட்டில் ஒரு புள்ளியின் அகலம் 0.005 மில்லிமீட்டர் எனில், பாலத்தில் அது 0.005 × 250 = 1.25 மில்லிமீட்டரைக் குறிக்கும். ஒரு புள்ளியில் 20இல் ஒரு பங்கு நகர்வைக் கணினி உணருமாயின், 0.06 மில்லிமீட்டர் அளவுள்ள தொய்வையும் அறியலாம். எனினும் 4,000 புள்ளி அகலமுள்ள அப்படத்தில் பாலத்தின் 5 மீட்டர் பகுதி மட்டுமே அடங்கும். நுட்பம் கூடினால் பரப்பு குறையும்; பரப்பு கூடினால் நுட்பம் குறையும்.

அதிர்வு சொல்லும் செய்தி

தொய்வோடு பாலத்தின் அதிர்வையும் படக்கருவி பதிவு செய்கிறது. வண்டி கடந்தபின் பாலம் தனக்கே உரிய ஓர் அதிர்வெண்ணில் சிறிது நேரம் மேலும் கீழும் அசைந்து அடங்கும். நடுத்தர நீளக் கண்கள் நொடிக்கு மூன்று நான்கு முறை அசைவது உண்டு. நொடிக்கு 30 படம் எடுக்கும் கருவிக்கு இது எளிதில் புலப்படும்.

தனிச்சீரிசை இயக்கத்தில் அதிர்வெண், விறைப்பின் வர்க்கமூலத்தோடு தொடர்புடையது என்பதைப் பதினோராம் வகுப்பு மாணவர் இயற்பியலில் கற்கின்றனர். எடை மாறாதபோது ஒரு பாலத்தின் அதிர்வெண் 10 விழுக்காடு குறைந்தால், அதன் விறைப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு குறைந்துள்ளது என்று பொருள். விரிசல் விழுந்தாலும், தூணின் பிடிப்புத் தளர்ந்தாலும் இவ்வாறு நேரும். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் பயிலும் மாணவர் மணிக்கட்டில் விரல்வைத்து நாடியின் நடையை உணரப் பழகுகிறார். பொறியாளர் தொலைவில் நின்று பாலத்தின் நடையைக் கண்டுகொள்கிறார். இருவரும் செய்வது ஒரே தொழிலே. இயல்பான நடை எது என்று அறிந்தால்தான் பிறழ்ந்த நடையை அறிய முடியும்.

கருவி பிழைபடும் இடங்கள்

ஒரு கருவியைப் பரிந்துரைப்பவர் அதன் குறைகளையும் சொல்லக் கடமைப்பட்டவர். நெல்லையின் நண்பகலில் ஆற்றுமணல் சுடும்போது எழும் கானல், அசையாத பாலத்தையும் அசைவதாகக் காட்டும். ஆகவே அதிகாலையே அளப்பதற்கு உகந்த வேளை. காற்றில் முக்காலி நடுங்கினால் பாலம் நடுங்குவதுபோல் தோன்றும். இதைத் தவிர்க்க, அசையாத ஒரு பாறையையோ கரைச்சுவரையோ அதே படத்தில் சேர்த்துப் பதிவுசெய்து, அதன் பொய்யசைவைக் கழித்துவிடுவர். வெப்பத்தால் பாலமே நீள்வதும் சுருங்குவதும் உண்டு. 30 மீட்டர் கான்கிரீட் உத்திரம் 20 பாகை வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். எனவே, வெப்பநிலையைக் குறிக்காத அளவு அரைகுறை அளவே.

கல்வளைவுப் பாலங்களில் வேறொரு சிக்கல் உண்டு. வளைவு தன்மேல் விழும் சுமையை அழுத்தமாக்கித் தூண்களுக்குக் கடத்துவதால், அதன் தொய்வு மிகமிகச் சிறியது. சுலோசன முதலியார் பாலத்தின் பழைய வளைவுகளை அளக்கப் பிற பாலங்களுக்குப் போதும் நுட்பம் போதாது.

எல்லாவற்றினும் பெரிய குறை, படக்கருவி வெளித்தோற்றத்தை மட்டுமே காணும் என்பது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 அன்று இத்தாலியின் ஜெனோவா நகரில் மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் மாண்டனர். அங்கே துரு அரித்த கம்பிகள் கான்கிரீட்டுக்குள் மறைந்திருந்தன. ஆற்றுப் பாலங்களைப் பெரிதும் வீழ்த்துவது வெள்ளம் தூணின் அடிமண்ணை அரித்துச் செல்வதே. அக்குழி நீருக்கடியில் இருக்கிறது. தூண் சாய்ந்தாலோ இறங்கினாலோ படக்கருவி காட்டும். குழியின் ஆழத்தைக் காட்டாது. அதற்கு நீரில் இறங்கும் மனிதரோ, ஒலியலையால் ஆழம் அளக்கும் கருவியோ வேண்டும். படக்கருவி மருத்துவரன்று, மருத்துவரை அழைக்கும் மணி.

ஐயங்களும் விடைகளும்

இம்முறையைப் பரவலாக்குவதற்கு எதிராக மூன்று ஐயங்கள் எழுவதுண்டு.

முதலாவது, பொறியாளர்கள் பாலங்களைக் கண்ணால் ஆய்வு செய்கின்றனரே, வேறு அளவு எதற்கு என்பது. அனுபவம் மிக்க கண்ணுக்கு ஈடில்லை என்பது உண்மை. ஆயினும் சென்ற ஆண்டு கண்ட விரிசலையும் இவ்வாண்டு கண்ட விரிசலையும் நினைவைக் கொண்டு ஒப்பிடுவது அரிது. ஆய்வாளர் பணிமாற்றம் பெற்றால் அந்நினைவும் அவருடன் போய்விடும். எண்ணும் படமும் அலுவலகத்திலேயே நிலைத்திருக்கும்.

இரண்டாவது, செலவு. பெரும் பாலங்களில் நிலையாக உணரிகள் பொருத்துவது செலவு மிக்கதே. ஆனால் அது வீண்செலவன்று. 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உணரிகளைப் பொருத்திக் கண்காணித்தது. 2022 டிசம்பரில் பாதுகாப்புக் கருதி அப்பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. முதுமையுற்ற பாலம் ஒன்று உயிர்ப்பலி வாங்காமல் ஓய்வுபெற்றது, கண்காணிப்பு உண்டாயின் காலத்தே முடிவெடுக்கலாம் என்பதற்குச் சான்று. மாறாக, அதே 2022இல் குஜராத்தின் மோர்பியில் தொங்குபாலம் அறுந்து 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்லாப் பாலங்களுக்கும் பாம்பனுக்கு நிகரான ஏற்பாடு இயலாது. ஒரு படக்கருவியோ ஊர் ஊராக எடுத்துச் செல்லத்தக்கது. ஒரே கருவி ஓராண்டில் பல பாலங்களைக் காணும். காணொலியைக் கணக்கிடக் கட்டணமின்றிக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருள்களும் உள்ளன.

மூன்றாவது, அளவுகளை வெளியிட்டால் மக்கள் பீதி அடைவர் என்பது. நெல்லை மக்களைப் பொறுத்தவரை இது பொருந்தாது. 143 அடி உயரமுள்ள பாபநாசம் அணையில் இன்று நீர் எத்தனை அடி, 118 அடி மணிமுத்தாறு அணையில் எத்தனை அடி என்பதை நாளிதழில் படித்த பின்னரே வயலுக்குச் செல்லும் உழவர் இம்மண்ணில் உண்டு. அணையின் எண்ணைப் படித்துப் பொருள் கொள்ளும் மக்கள் பாலத்தின் எண்ணையும் படித்துப் பொருள் கொள்வர். பீதி அறிவால் வளர்வதில்லை, அறியாமையால் வளர்வது.

நெல்லை தொடங்க வேண்டிய பணி

வெள்ளம் வடிந்த மறுநாள் ஒரு படக்கருவியைக் கொண்டுவந்து பாலத்தை அளந்தால் ஓர் எண் கிடைக்கும். 7 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது நல்லதா, கெட்டதா? முந்தைய ஆண்டு அதே எடையுள்ள வண்டிக்கு அப்பாலம் எவ்வளவு தொய்ந்தது என்பது தெரிந்தால் அன்றி, எவராலும் உறுதியாக விடை கூற இயலாது. சென்ற ஆண்டும் 7 எனில் கவலையில்லை. சென்ற ஆண்டு 5 எனில் பாலத்தை மூடி ஆராய வேண்டும். ஆகவே, இம்முறையின் பயன் முழுவதும் அமைதியான நாளில் எடுத்துவைத்த முதல் அளவில் அடங்கியுள்ளது. ஆபத்து வந்தபின் கருவியை வாங்கலாம். கடந்துபோன ஆண்டின் அளவை வாங்க முடியாது.

இதனால், தாமிரபரணியின் முதன்மையான பாலங்கள் ஒவ்வொன்றின் அருகிலும் கரையில் ஒரு சிறு கான்கிரீட் மேடை அமைத்தல் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், அதே மேடையில், அதே அதிகாலை வேளையில், எடை அறிந்த ஒரு பாரவண்டியை ஓட்டித் தொய்வையும் அதிர்வையும் வெப்பநிலையையும் பதிவு செய்தல் வேண்டும். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி 1981 முதல் இம்மண்ணில் பொறியாளர்களை உருவாக்கி வருகிறது. சென்னைத் தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் உள்ளது. நெடுஞ்சாலைத் துறையினரின் பொறுப்பில், அம்மையத்தின் வழிகாட்டுதலோடு, கல்லூரி மாணவர்களின் கைகளால் இப்பணி நடைபெறக்கூடும். மாணவர் கற்பர், பாலத்துக்கு ஒரு வரலாறு உருவாகும்.

பாலத்தை மூடுவதா திறப்பதா என்னும் முடிவு இறுதியில் மனிதருடையது. மூடினால் மகப்பேற்றுக்குச் செல்லும் பெண் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும். திறந்தால் அவர் உயிருக்கே ஊறு நேரலாம். அத்தகைய முடிவை எடுப்பவர் கையில் ஊகம் மட்டும் இருப்பது அறமாகாது.

சுலோசன முதலியார் தம் காலத்து மக்கள் ஆற்றைக் கடக்கத் தம் பொருளைக் கொடுத்தார். பாலம் கட்டுவது ஒரு தலைமுறையின் கொடை என்றால், அதைக் காத்துத் தருவது அடுத்தடுத்த தலைமுறைகளின் கடன். அக்கடனைத் தீர்க்கப் பெரும் செல்வம் வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரு காலைப்பொழுதும், பொறுமையான ஒரு கண்ணும், தவறாது எழுதிவைக்கும் ஒரு கையும் போதும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள பாலம் ஒன்றின் வரலாற்றை முதியோரிடம் கேட்டறிந்து கட்டுரையாக எழுதுக.

2. 'பாலங்களின் ஆய்வு அளவுகளைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும்' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. நீளமான மர அளவுகோலின் இரு முனைகளையும் புத்தகங்கள்மீது நிறுத்தி, நடுவில் எடைகளை வைத்துக் கைப்பேசியால் படமெடுத்துத் தொய்வைக் கணக்கிடுக. எடையை நீக்கியபின் அளவுகோல் முழுதும் நிமிர்கிறதா என்பதையும் குறித்துவைக்க.